லைன் கிடைக்காத நேரம்

2017 நவம்பர் 30. ஒக்கி புயல் குமரி முனையை உரசிக்கொண்டு அரபிக்கடலுக்குள் போன நாள். கடற்கரை ஊர்கள் பட்ட பாடு நாடு முழுக்கத் தெரிந்தது. மலையோரம் பட்ட பாடு அவ்வளவாக வெளியே வரவில்லை. குலசேகரம், திருவட்டாறு, திற்பரப்பு, பேச்சிப்பாறை வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. ரப்பர் காற்றுக்குத் தாங்காத மரம். பாதியில் முறியும், இல்லையென்றால் வேரோடு சாயும். தோட்டத்துக்குள் விழுந்தது போக, சாலை மேலும் மின்கம்பி மேலும் விழுந்தது. முதலில் கரண்டு போனது. பேட்டரி தீர்ந்ததும் செல்போன் டவர்கள் ஒவ்வொன்றாக அடங்கின. டவருக்கு டீசல் கொண்டுபோகலாம் என்றால் வழியில் மரம் கிடந்தது.

அப்படிப்பட்ட இரவில் ஒரு வீட்டில் யாருக்காவது நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வது? 108 என்ற எண் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அழுத்தினால் போய்ச் சேர வழி வேண்டுமே!

பேரிடர் வரும்போது அவசர உதவிக் கட்டுப்பாட்டு அறைகளுக்கு இரண்டு விதமான சிக்கல் ஒரே நேரத்தில் வருகிறது. தொடர்பு இருக்கிற ஊர்களிலிருந்து தாங்க முடியாத அளவுக்கு அழைப்புகள் குவியும். தொடர்பு அறுந்த ஊர்களிலிருந்து ஒன்றுமே வராது. முதலாவது சிக்கல் திரையில் தெரியும், காதில் விழும். இரண்டாவது எதிலும் தெரியாது. நன்றாக நடத்தப்படும் கட்டுப்பாட்டு அறை இந்த இரண்டையும் எப்படிக் கையாள்கிறது என்பது, உதவி கேட்கப்போகும் ஒவ்வொருவரும் கொஞ்சம் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம்.

ஒரு அழைப்பின் பயணம்

தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியது 2008 செப்டம்பர் 15 அன்று. இன்று மாநிலம் முழுக்க 1,300-க்கும் மேற்பட்ட ஆம்புலன்ஸ்கள் ஓடுகின்றன. குலசேகரம் சந்திப்பில் நின்று ஒருவர் 108-ஐ அழைத்தால் எதிர்முனையில் எடுப்பவர் உள்ளூர்க்காரராக இருக்க வாய்ப்பில்லை. சுமார் 700 கிலோமீட்டர் தள்ளி, சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது முதன்மைக் கட்டுப்பாட்டு அறை. ஹெட்செட் மாட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் திற்பரப்பு ரோடு எங்கே பிரிகிறது என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

அதனால்தான் அத்தனை கேள்விகள். எந்த மாவட்டம், எந்தத் தாலுகா, எந்த ஊர்? பக்கத்தில் கோயில், சர்ச், பள்ளிக்கூடம் ஏதாவது உண்டா? என்ன நடந்தது, எத்தனை பேருக்கு அடி? நினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா, ரத்தம் போகிறதா? பதற்றத்தில் இருப்பவருக்கு, ‘இங்கே உயிர் போகிறது, இவர் தாலுகா கேட்கிறாரே’ என்று எரிச்சல் வரும். ஆனால் அந்தப் பதில்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறும்போதே, அருகில் எந்த ஆம்புலன்ஸ் சும்மா நிற்கிறது என்று தேடும் வேலையும் நடக்கிறது. வண்டி கிடைத்ததும் அதில் இருக்கும் மருத்துவ உதவியாளருக்கும், 108 ஊழியர்கள் ‘பைலட்’ என்று அழைக்கும் ஓட்டுநருக்கும் தகவல் போகிறது. பைலட் அழைத்தவரிடம் பேசி வழி கேட்டுக்கொள்கிறார். நோயாளியின் நிலை மோசமென்றால் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் டாக்டர் போனிலேயே உதவியாளருக்கு வழிகாட்டுகிறார்.

இந்தச் சங்கிலியில் மூன்று இடங்களில் அடைப்பு விழலாம். போன் எடுக்க ஆள் போதாமல் போகலாம். ஆள் இருந்தும் வண்டி இல்லாமல் போகலாம். வண்டி போய்ச் சேர்ந்தும் மருத்துவமனை வாசலில் நோயாளியை இறக்க இடம் இல்லாமல் போகலாம். எங்கே அடைத்தாலும் தேக்கம் பின்னோக்கித்தான் வளரும். கடைசியில் அது அழைப்பவரின் காதில் ‘எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன’ என்று ஒலிக்கும்.

இதற்கிடையே உதவிக்குச் சம்பந்தமில்லாத அழைப்புகளும் உண்டு. கைதவறி அழுத்தியவை, குழந்தைகள் விளையாட்டாக அழுத்தியவை, வேண்டுமென்றே சீண்டுபவை. நல்லெண்ணத்தில் வரும் கூடுதல் அழைப்புகளும் இருக்கின்றன. நெடுஞ்சாலையில் ஒரு பஸ் கவிழ்ந்தால், அந்த வழியாகப் போகிற ஒவ்வொருவரும் போனை எடுக்கிறார்கள். நடந்தது ஒரே விபத்து. அழைப்பு வருவது நாற்பது பேரிடமிருந்து. அந்த நாற்பதில் ஒன்று அதே விபத்தைப் பற்றியதாக இல்லாமல், வேறெங்கோ தண்ணீரில் விழுந்த குழந்தையைப் பற்றியதாகவும் இருக்கலாம். அதை எடுத்துக் கேட்காமல் தெரிந்துகொள்ள வழியில்லை.

விம்போல் தெருவில் பிடித்த தீ

அவசர அழைப்புக்கென்று தனி எண் உலகத்தில் வந்ததே ஒரு வரிசை நெரிசலால்தான். 1935 நவம்பர் 10 அன்று லண்டன் விம்போல் தெருவில் ஒரு டாக்டரின் வீடு தீப்பிடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்புப் படையைக் கூப்பிட போனை எடுத்தார். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட அழைப்புகள் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர் வழியாகத்தான் போகும். ஆபரேட்டருக்கு இது தீ பற்றிய அழைப்பா, மாலை விருந்துக்குக் கூப்பிடும் அழைப்பா என்று முன்கூட்டியே தெரியாது. அழைத்தவர் வரிசையில் காத்திருந்தார். அந்த வீட்டில் ஐந்து பெண்கள் இறந்தார்கள்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ‘தி டைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். நாடாளுமன்றம் வரை பேச்சு போனது. 1937 ஜூன் 30 அன்று லண்டனில் 999 நடைமுறைக்கு வந்தது. அந்த எண்ணில் அழைத்தால் எக்ஸ்சேஞ்சில் சிவப்பு விளக்கு எரியும், ஒலி எழும்பும். ஆபரேட்டர் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு அதை எடுக்க வேண்டும். அமெரிக்காவில் முதல் 911 அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சிறிய ஊரில் நடந்தது. இந்தியாவில் போலீஸுக்கு 100, தீயணைப்புக்கு 101 என்று தனித்தனியாக இருந்தவற்றை 112 என்ற ஒற்றை எண்ணின் கீழ் சேர்க்கும் திட்டம் 2018-இல் இமாசலப் பிரதேசத்தில் தொடங்கி, 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களுக்கு வந்தது.

தனி எண் வந்ததால் சாதாரண அழைப்புகளோடு மோதும் பிரச்சினை தீர்ந்தது. அவசர அழைப்புகள் ஒன்றோடொன்று மோதும் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது.

எர்லாங் போட்ட கணக்கு

கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த ஆக்னர் கிராருப் எர்லாங் என்ற டென்மார்க் கணித அறிஞர், போன் வரிசை எப்படி வளர்கிறது என்று 1909-இல் ஆராயத் தொடங்கி, 1917-இல் அதற்குச் சூத்திரமும் கொடுத்தார். தொலைபேசி நெரிசலை இன்றும் அவர் பெயரிலேயே அளக்கிறார்கள். அவருடைய சூத்திரத்தை வைத்து ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ஒரு கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கப் பத்துப் பேர். ஒரு அழைப்பைப் பேசி முடிக்கச் சராசரியாக இரண்டு நிமிடம். மணிக்கு 240 அழைப்புகள் வந்தால், அழைப்பவர் காத்திருக்கும் நேரம் சராசரியாக 25 விநாடிக்குள் அடங்கும். பரவாயில்லை. இப்போது அழைப்புகள் 285 ஆகின்றன. கூடியது ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. காத்திருப்பு நேரமோ மூன்று நிமிடத்தைத் தாண்டுகிறது, எட்டு மடங்கு! 300-ஐத் தொட்டால் வரிசை முடிவில்லாமல் வளரத் தொடங்கிவிடும்.

கூட்டம் இரட்டிப்பானால்தான் கட்டுப்பாட்டு அறை திணறும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில், ஏற்கெனவே மும்முரமாக இருக்கும் அறை சற்றே கூடுதலான மழைக்கே திணறிவிடும். அதனால் ஆட்கள் எல்லோருக்கும் எந்நேரமும் வேலை இருக்கும்படி திட்டமிடப்பட்ட அவசர அறை, சிக்கனமாகத் தெரியலாம், அவசரத்துக்கு உதவாது. சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும் இரண்டு நாற்காலிகள்தான் அந்த மூன்று நிமிடத்தை மறுபடி விநாடிகளாகக் குறைக்கின்றன.

இதைவிடக் கொடியது, காத்திருப்பு தானே புதிய அழைப்புகளைப் பெற்றெடுக்கும் விதம். லண்டன் ஆம்புலன்ஸ் சேவை இதை 1992-இல் கற்றுக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபர் 26 அன்று, காகிதச் சீட்டுகளை வைத்து நடந்துகொண்டிருந்த வேலையை ஒரேயடியாகக் கணினிக்கு மாற்றினார்கள். வண்டிகள் எங்கே நிற்கின்றன என்பது பற்றி கணினிக்குத் தப்பான தகவல் சேரச் சேர, அது தூரத்து வண்டியை அனுப்பியது. சில இடங்களுக்கு இரண்டு வண்டிகளை அனுப்பியது. வண்டி வராததால் மக்கள் மறுபடி மறுபடி போன் செய்தார்கள். எச்சரிக்கைச் செய்திகள் திரையில் குவிந்து, பழையவை மேலே நழுவிக் கண்ணிலிருந்து மறைந்தன. அதாவது, யாரும் கவனிக்காத நோயாளிகள் பட்டியலிலிருந்தே காணாமல் போனார்கள். இரண்டே நாளில் தலைமை அதிகாரி பதவி விலகினார். நவம்பர் 4 அதிகாலையில் கணினி மொத்தமாக நின்றது. ஊழியர்கள் காகிதத்துக்கும் பேனாவுக்கும் திரும்பினார்கள்.

அந்தத் தோல்வியின் மீதான விசாரணை அறிக்கையை இன்றும் பொறியியல் மாணவர்கள் படிக்கிறார்கள். பொதுமக்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: ‘வண்டி எங்கே வந்துகொண்டிருக்கிறது?’ என்று கேட்கும் ஒவ்வொரு அழைப்பும், இன்னும் வண்டியே கேட்காத ஒருவரை வரிசையில் பின்னால் தள்ளுகிறது.

சென்னை, 2021 மே

தமிழ்நாடு கண்ட பெரிய அழைப்பு நெருக்கடிகளில் ஒன்று கொரோனா இரண்டாம் அலையில் வந்தது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்ற காட்சியை அந்த மே மாதத்தில் தொலைக்காட்சி பார்த்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். உள்ளே படுக்கை இல்லை. நோயாளி வண்டிக்குள்ளேயே ஆக்ஸிஜனோடு காத்திருந்தார். அவர் காத்திருக்கும் வரை அந்த வண்டியை வேறு யாருக்கும் அனுப்ப முடியாது. சாலையில் ஓட வேண்டிய வண்டிகள் மருத்துவமனை வாசலில் நின்றதால், 108 கட்டுப்பாட்டு அறையில் வண்டிக்குப் பஞ்சம். அதாவது அடைப்பு விழுந்தது மூன்றாவது இடத்தில். வலித்தது முதல் இடத்தில்.

அதற்காக டி.எம்.எஸ். வளாகத்திலேயே ஒருங்கிணைந்த கட்டளை மையம் இயங்கியது. அங்கே இருந்தவர்களின் முக்கிய வேலை வண்டி அனுப்புவதல்ல, எந்த மருத்துவமனையில் எந்த வகைப் படுக்கை காலி என்று ஒரே இடத்தில் வைத்திருப்பது. ஆக்ஸிஜன் வசதியுள்ள படுக்கையா, ஐ.சி.யூ.வா, சாதாரணப் படுக்கையா என்று பிரித்துச் சொல்ல முடிந்தால்தான், வண்டியைச் சரியான வாசலுக்கு அனுப்ப முடியும். 104 என்ற சுகாதார உதவி எண்ணில் வந்த அழைப்புகளையும், ட்விட்டரில் ‘பெட்ஸ் ஃபார் டிஎன்’ என்ற ஹேஷ்டேக்கில் வந்த வேண்டுகோள்களையும் ஒரே பட்டியலில் சேர்த்தார்கள். மே 14 இரவு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அந்த மையத்துக்கு வந்து, உதவி கேட்டு வந்த ஓர் அழைப்பைத் தானே எடுத்துப் பேசினார்.

இன்னொரு பக்கம், சென்னை மாநகராட்சி கார்களை ஆம்புலன்ஸாக மாற்றி இறக்கியது. மூச்சுத்திணறல் இல்லாத நோயாளியைப் பரிசோதனை மையத்துக்குக் கொண்டுபோக முழு ஆம்புலன்ஸ் தேவையில்லை, கார் போதும். அப்படிப் பிரித்ததால் பெரிய வண்டிகள் கடுமையான நோயாளிகளுக்கு மிஞ்சின.

இப்படித் தரம் பிரிப்பதுதான் நெரிசல் நேரத்தில் கட்டுப்பாட்டு அறையின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். இங்கிலாந்தில் 2017 முதல் அழைப்புகளை நான்கு வகையாகப் பிரித்து, வகைக்கு ஒரு கால அளவை வெளிப்படையாக வைத்திருக்கிறார்கள். இதயம் நின்றவருக்குச் சராசரியாக ஏழு நிமிடத்தில் வண்டி போக வேண்டும். அவசரம் குறைந்த நான்காம் வகைக்கு மூன்று மணி நேரம் வரை ஆகலாம். மூன்று மணி நேரம் என்று கேட்டால் கொடுமையாகத் தோன்றும். ஆனால் கணுக்கால் சுளுக்கியவரும் மாரடைப்பு வந்தவரும் ஒரே வரிசையில் நிற்பதைவிட இது நேர்மையான ஏற்பாடு. காத்திருக்க வேண்டியவரிடம் ‘இவ்வளவு நேரம் ஆகும், இதைச் செய்துகொண்டிருங்கள், மோசமானால் உடனே கூப்பிடுங்கள்’ என்று தெளிவாகச் சொல்லிவிட்டால், அவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைப்பதும் குறையும்.

தரம் பிரித்தால் மட்டும் போதாது. சம்பவ இடத்திலிருந்து தகவல் அறைக்குத் திரும்பி வரவும் வேண்டும். 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கட்டடம் எரிந்தபோது அழைப்புகள் அளவு மீறி, பல அழைப்புகளை வேறு பகுதித் தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறைகள் எடுக்க நேர்ந்தது. எடுத்தவர்களுக்குக் கட்டடத்தின் நிலை தெரியவில்லை. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்ற வழக்கமான அறிவுரை, அது செல்லாது என்று ஆன பிறகும் சிலருக்குச் சொல்லப்பட்டது. போனை எடுத்தாகிவிட்டது என்பதாலேயே உதவி செய்தாகிவிட்டது என்று ஆகிவிடாது.

அழைப்பே வராத ஊர்

இனி இரண்டாவது சிக்கல். ஒக்கியின்போது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் புயல் உருவாகும் முன்பே கடலுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் கையில் இருந்தது வி.எச்.எஃப். வயர்லெஸ். கரையிலிருந்து முப்பது, நாற்பது கிலோமீட்டர் தாண்டினால் அதற்கு எட்டாது. படகிலிருந்து படகுக்குச் சொல்லிச் சொல்லித்தான் செய்தி கரை சேரும். புயல் அந்தப் படகுகளையே சிதறடித்தபோது சங்கிலி அறுந்தது. சில படகுகள் மகாராஷ்டிரத்தின் தேவ்கட் வரை போய் ஒதுங்கின. காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசின் கணக்கும், பங்குகள் வழியாகத் திருச்சபை எடுத்த கணக்கும் பல நாள் ஒத்துப்போகவில்லை. டிசம்பர் 7 அன்று மீனவக் குடும்பங்கள் திரண்டு குழித்துறை ரயில் நிலையத்தில் மறியலில் உட்கார்ந்தன. அவர்கள் முதலில் கேட்டது தேடுதலையும் தகவலையும்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையிலும் இதே கதை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுமார் 800 பயணிகள். ஒரு பகுதியினரை அருகிலிருந்த பள்ளிக்கு மாற்ற முடிந்தது, மற்றவர்கள் வெள்ளம் சூழ்ந்த நிலையத்தில் இரண்டு நாள் சிக்கிக்கொண்டார்கள். ரயில் எங்கே நிற்கிறது என்பது அதிகாரிகளுக்குத் தெரியும். ஆகவே ஹெலிகாப்டரில் உணவாவது போட முடிந்தது. சுற்றிலும் தீவாகிப்போன கிராமங்களில் போன் இல்லாமல் மாடியில் நின்றவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்பதை, படகில் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அதனால், அனுபவமுள்ள கட்டுப்பாட்டு அறை வரைபடத்தில் அழைப்புகள் குவியும் இடங்களோடு, வழக்கமாக அழைப்பு வந்து இன்று திடீரென்று வராமல் போன இடங்களையும் குறித்துக்கொள்ளும். புயல் பாதையில் இருக்கும் ஒரு பேரூராட்சியிலிருந்து ஆறு மணி நேரமாக ஓர் அழைப்பும் இல்லையென்றால், அங்கே எல்லாரும் நலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. போலீஸ் வயர்லெஸ் மூலமோ, தீயணைப்பு நிலையம் மூலமோ, கிராம நிர்வாக அலுவலர் மூலமோ விசாரிக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் அரம்பத்தோடு ஆள் அனுப்ப வேண்டும். ரப்பர் மரம் விழுந்த சாலையில் ஆம்புலன்ஸுக்கு முன்னால் போக வேண்டியது மரம் அறுக்கிறவர்தான்.

தொடர்பு முழுதாக அறுந்த இடத்தில் பழைய தொழில்நுட்பமே கைகொடுத்ததற்கு எடுத்துக்காட்டு 2004 சுனாமி. ஹாம் ரேடியோ ஆர்வலரான பாரதி பிரசாத் அந்த டிசம்பரில் வேறொரு நிகழ்ச்சிக்காகத் தன் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்தார். அந்தமானில் தொலைபேசிகள் அடங்கியபோது அவருடைய ரேடியோ வழியாகத்தான் வெளியுலகத்துக்குச் செய்தி போனது. தப்பித்தவர்களைப் பற்றிய தகவல் குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. டவரோ, எக்ஸ்சேஞ்சோ, கரண்டோ தேவைப்படாத ஒரு கருவி. ஒரு கார் பேட்டரி போதும்.

மாறியிருப்பவை

இந்த அடிகளுக்குப் பிறகு சில மாற்றங்கள் வந்திருக்கின்றன. ஆழ்கடலுக்குப் போகும் படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை அனுப்பும் கருவிகள் ஒக்கிக்குப் பின் வேகம் பிடித்தன. இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள்களைப் பயன்படுத்திச் செய்தி அனுப்பும் முறையும், 2019-இல் அறிமுகமான ‘ஜெமினி’ கருவியும் அந்த வரிசையில் வந்தவை. கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல்படைக்கு 1554 என்ற எண் இருக்கிறது.

தரையில், 2023-இல் நாடு முழுக்க செல்போன்கள் திடீரென்று அலறியது நினைவிருக்கலாம். அது ‘செல் பிராட்காஸ்ட்’ சோதனை. ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பாமல், ஒரு டவரின் கீழ் இருக்கும் எல்லாப் போன்களுக்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்புவது அதன் வழி. லட்சம் பேருக்குச் சொன்னாலும் பத்துப் பேருக்குச் சொன்னாலும் நெரிசல் ஒன்றுதான். ‘அணை திறக்கிறார்களா?’, ‘எங்கே போவது?’ என்று கேட்க வரும் ஆயிரக்கணக்கான அழைப்புகளை இப்படி முன்கூட்டியே தவிர்க்கலாம். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளுக்குக் கீழே வாழ்கிறவர்களுக்கு இதன் மதிப்பு விளங்கும்.

ஒரு கம்பெனியின் டவர் விழுந்தால் இன்னொரு கம்பெனியின் டவர் வழியாகப் பேச அனுமதிக்கும் ஏற்பாடும் வந்திருக்கிறது. 2023 ஜூனில் பிபர்ஜாய் புயலின்போது குஜராத்தில் இதைச் செயல்படுத்தினார்கள். ஆனால் எல்லா டவரும் அடங்கிவிட்ட இடத்தில் இதுவும் உதவாது. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவில் சூரல்மலைப் பகுதியில் பி.எஸ்.என்.எல். டவரை ஜெனரேட்டர் போட்டு ஓட வைத்ததுதான் மீட்புப் பணிக்குப் பெரிய துணையாக இருந்தது. ஒரு டவர், ஒரு ஜெனரேட்டர், கொஞ்சம் டீசல்.

போனை எடுக்கும் முன்

நெரிசலைக் குறைப்பதில் அழைப்பவர்களுக்கும் பங்கு உண்டு. பேரிடர் நேரத்துக்கு மட்டுமல்ல, சாதாரண நாளுக்கும் பொருந்தும் சில பழக்கங்கள் இவை.

இடத்தை முதலில் சொல்ல வேண்டும். நடுவில் லைன் அறுந்தாலும் இடம் தெரிந்தால் வண்டியைக் கிளப்பிவிட முடியும். நோயாளியின் கதை முழுவதும் தெரிந்து இடம் தெரியாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. மாவட்டம், தாலுகா, ஊர், அடையாளம் என்று அந்த வரிசையிலேயே சொல்லிப் பழகுவது நல்லது. அரசு ரப்பர் கழகத் தோட்டங்களில் வேலை செய்பவர்கள் டிவிஷன் பெயரையும் கூப்பு எண்ணையும் சொன்னால் உள்ளூர் பைலட் புரிந்துகொள்வார். சென்னையில் இருப்பவருக்கு அருகிலிருக்கும் பெரிய ஊரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போகிறவர், தான் எந்தப் பக்கம் போகிறார் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவதும் இதில் சேரும்.

கேரள எல்லையை ஒட்டிய ஊர்களில் இன்னொரு கவனம் வேண்டும். செல்போனிலிருந்து போகும் அவசர அழைப்பு எந்தக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் என்பதைப் போன் பிடித்திருக்கும் டவர்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. எதிர்முனையில் மலையாளத்தில் பேச்சு கேட்டால் திகைக்க வேண்டாம். இடத்தையும் மாநிலத்தையும் தெளிவாகச் சொல்லி, மாற்றித் தரக் கேட்க வேண்டும்.

ஒரு விபத்துக்கு ஒருவர் அழைத்தால் போதும். கூட்டத்தில் ‘யாராவது கூப்பிட்டாச்சா?’ என்று கேட்டுவிட்டு, கூப்பிட்டவர் போனைக் காலியாக வைத்திருக்க வேண்டும். பைலட் வழி கேட்டு அழைப்பது அந்த எண்ணுக்குத்தான். உறவினர்களுக்குச் சேதி சொல்ல வேறு போனைப் பயன்படுத்தலாம்.

புயல், வெள்ள நேரத்தில் சொந்தக்காரர்களின் நலம் விசாரிக்கக் குறுஞ்செய்தியே மேல். பேசும் அழைப்புக்கு இரண்டு முனையும் அந்த நிமிடமே கிடைக்க வேண்டும். குறுஞ்செய்தியோ தபால் பெட்டியில் போட்ட கடிதம்போலக் காத்திருந்து, எதிர்முனைக்குச் சிக்னல் வந்ததும் போய்ச் சேரும். டவரின் சுமையும் குறையும். வீடியோவை எடுத்து உடனுக்குடன் அனுப்புவதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

உயிருக்கு ஆபத்தில்லாத தேவைகளுக்கு, அதாவது வீட்டைச் சுற்றித் தண்ணீர், மரம் விழுந்தது, முகாம் எங்கே என்பவற்றுக்கு, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070 எண்கள் இருக்கின்றன. 108-ம் 112-ம் மூச்சு, ரத்தம், தீ, தண்ணீர் என்று உயிர் ஊசலாடும் நேரத்துக்கானவை.

அரசுக்கும் பேரூராட்சிகளுக்கும் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. குமரி மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம். ஒவ்வொன்றுக்கும் முன்னால், டவர் ஜெனரேட்டர்களில் டீசல் இருக்கிறதா, குலசேகரம் தீயணைப்பு நிலையத்திலிருந்து மலையோரக் குடியிருப்புகளுக்கு வயர்லெஸ் எட்டுகிறதா, ஒவ்வொரு வார்டிலும் மரம் அறுக்கும் அரம்பம் யாரிடம் இருக்கிறது என்று ஒரு நாள் ஒத்திகை பார்த்தால் போதும். செலவு அதிகமில்லை. ஜூன் முதல் வாரத்திலும் அக்டோபர் முதல் வாரத்திலும் அந்த ஒத்திகை நடந்ததா என்று வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள்.